‘அடித்தேன்’ என்பதும் ‘அடித்தேனாம்’ என்பதும்: ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ புதினத்தில் தலைவியின் நிலையும் வாசகர் நிலையும்

ஆய்வுச்சுருக்கம்

குற்றப்புனைவின் தலைவி குடிக்கு அடிமையானவளாகவோ மனங்கலங்கியவளாகவோ படைக்கப்படும்போது அவளை ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என வகைப்படுத்துவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ (2015) புதினத்தின் ரேச்சலுக்கு இவ்வகைப்பாடு பொருந்தாது என இக்கட்டுரை வாதிடுகிறது. ரேச்சல் வாசகரிடம் பொய் சொல்வதில்லை. தன்னைப் பற்றிப் பிறர் சொன்ன பொய்யைத் தன் நினைவு என்று நம்பிச் சொல்கிறாள். அந்தப் பொய்யை வாசகரும் நம்புகிறார். வாசகர் அவளது நிலையை எய்துவது அவள்மீது இரங்கும் இடங்களிலன்று, அவளை இகழும் இடங்களிலேயே என்பது இங்கு எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குற்றப்புனைவு, கதைசொல்லி, வாசக ஒன்றுதல், நினைவு, இளிவரல், கேள்விச்செய்தி

முன்னுரை

ஒரு பாத்திரத்தின் நிலையில் வாசகரை நிறுத்துவது இரக்கத்தின் வேலை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. பாத்திரம் நல்லவளாக, துன்பப்படுபவளாக, அன்பிற்குரியவளாக இருந்தால் வாசகர் அவளோடு ஒன்றுவார் என்பது பொதுவான எண்ணம். துப்பறியும் புனைவு இந்த எண்ணத்திற்கு எளிதில் அடங்குவதில்லை. யாருக்கு எவ்வளவு தெரியும், எப்போது தெரியும் என்பதே அங்கு வாசகரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படிப்பவர் ஹோம்ஸின் இடத்தில் நிற்பதில்லை. ஹோம்ஸ் கண்டதையெல்லாம் தாமும் கண்டு, அதன் பொருள் விளங்காமல் திகைக்கும் டாக்டர் வாட்சனின் இடத்திலேயே நிற்கிறார். வாட்சன்மீது கொண்ட அன்பு அதற்குக் காரணமன்று. வாட்சனின் அறியாமை வாசகரின் அறியாமையோடு அளவொத்திருப்பதே காரணம்.

ஹாக்கின்ஸின் தலைவிக்கும் வாட்சன் என்பதே குடும்பப்பெயர். அது மணமுறிவுக்குப் பின்னும் அவள் விடாது வைத்திருக்கும் கணவனின் பெயர். ஆசிரியர் இதனை எண்ணியே வைத்தாரா என்பது இங்குத் தேவையில்லை. ஆனால் கண்டதன் பொருள் விளங்காத வாட்சன் என்ற நிலை, இப்புதினத்தில் கண்டதே நினைவில் இல்லாத வாட்சன் என்ற நிலையாக மாறியிருப்பது கருதத்தக்கது. இதனை ஆராயப் புதினத்தின் முடிவையும் பேச வேண்டியுள்ளது.

காலை, மாலை, இடையில் இல்லாத இரவு

ரேச்சல் லண்டனுக்கு வெளியே ஆஷ்பரி என்னும் ஊரில் தோழி கேத்தியின் வீட்டில் ஓர் அறையில் வாழ்கிறாள். நாள்தோறும் காலை 8.04 மணித் தொடர்வண்டியில் யூஸ்டன் நிலையத்திற்குச் செல்கிறாள், மாலையில் திரும்புகிறாள். குடித்துவிட்டு அலுவலகம் சென்றதால் வேலை போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அதனைக் கேத்தியிடம் மறைக்கவே இந்தப் பயணம் தொடர்கிறது. வழியில் விட்னி என்னும் புறநகரில் வண்டி சமிக்ஞைக்காக நிற்கும்போது பிளெனிம் சாலையின் பின்புறத் தோட்டங்கள் தெரிகின்றன. அங்கு 23ஆம் எண் வீடு அவள் ஒருகாலத்தில் வாழ்ந்தது. இப்போது அதில் முன்னாள் கணவன் டாம், அவனுடைய புதிய மனைவி அன்னா, குழந்தை ஈவி ஆகியோர் இருக்கின்றனர். 15ஆம் எண் வீட்டில் வாழும் இளம் இணையருக்கு ரேச்சல் ஜெஸ், ஜேசன் எனத் தானே பெயரிட்டு அவர்களது இல்லறத்தைக் கற்பனையில் அழகாக்கிப் பார்க்கிறாள். உண்மையில் அவர்கள் மேகன், ஸ்காட். ஓர் இரவில் மேகன் காணாமல் போகிறாள். அதே இரவில் ரேச்சல் அத்தெருவில் இருந்திருக்கிறாள். தலையில் காயம், கையில் இரத்தம், இனம்புரியாத அச்சம் ஆகியவற்றோடு மறுநாள் விழிக்கிறாள். இடையில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை.

புதினம் தேதியிட்ட குறிப்புகளாக, ‘காலை’, ‘மாலை’ என்ற தலைப்புகளுடன், தன்மையிலும் நிகழ்காலத்திலும் நகர்கிறது. தன்மைக் கூற்றில் கதை சொல்பவர் வழக்கமாக இரண்டு காலங்களில் வாழ்பவர்: நிகழ்ந்தபோது அறியாதவர், சொல்லும்போது அறிந்தவர். நிகழ்காலம் இந்த இரண்டாவது ஆளை நீக்கிவிடுகிறது. ரேச்சலின் முற்பகல் குறிப்பை வாசிக்கும்போது பிற்பகலில் அவள் என்ன ஆவாள் என்பது வாசகருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரவு என்ற பகுதி பெரும்பாலும் எழுதப்படாமலேயே நின்றுவிடுவதும் கவனிக்கத்தக்கது. குடி தொடங்கும் மாலையில் குறிப்பு அறுகிறது. அடுத்த காலையில் தொடர்கிறது. அவள் வாழ்வில் விழுந்த பள்ளம் வாசகரின் கையிலுள்ள பக்கத்திலும் அதே அளவில் விழுகிறது.

இவ்விடத்தில் மருத்துவச் செய்தி ஒன்று தேவைப்படுகிறது. மிகுகுடியின்போது நேரும் நினைவிழப்பு, பதிந்த ஒன்றை மறப்பதன்று. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியின் செயல்பாடு தடைப்படுவதால் நிகழ்ச்சி நீடித்த நினைவாகப் பதிவாவதே இல்லை. முழுமையாகப் பதியாதபோது எதையும் மீட்க இயலாது. அரைகுறையாகப் பதிந்திருந்தால் இடமோ ஒலியோ முகமோ தூண்டும்போது சில துண்டுகள் மேலெழலாம். ரேச்சல் முதலில் தன்னுடையது முதல்வகை என எண்ணிக் கைவிடுகிறாள். பின்னர் இரண்டாம்வகைத் துண்டுகள் வரத் தொடங்குகின்றன. சுரங்க நடைபாதை, நீல ஆடை அணிந்து விலகிச் செல்லும் பெண், தொடர்வண்டியில் கண்ட செந்நிற முடிகொண்ட ஆடவன் ஆகியவை அத்தகையவை. கதைத் தேவைக்கேற்ற நேரத்தில் இத்துண்டுகள் மேலெழுவது சற்றே வசதியானது என்ற குறை உண்டு. எனினும் துப்பறியும் புனைவின் பழைய அமைப்பு இங்குத் தலைகீழாவதை மறுக்க இயலாது. பிணத்தின் காயங்களைத் துப்பறிவாளர் படிப்பதுபோல ரேச்சல் தன் உடலின் காயங்களைப் படிக்கிறாள். துப்பறிபவளும் சாட்சியும் ஐயத்திற்குரியவளும் தடயமும் அவளே.

வாசகரின் இளிவரல்

தொல்காப்பியம் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. மெய்ப்பாடுகள் தன்கண் தோன்றுவதும் பிறன்கண் தோன்றுவதும் உண்டு என உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். ஆங்கிலப் புதினம் ஒன்றிற்குத் தமிழ்க் கவிதையியலின் கலைச்சொல்லை முழுமையாகப் பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தன்கண், பிறன்கண் என்ற இந்த ஒரு பிரிப்பு இங்கு மிகவும் பயன்படுகிறது.

ரேச்சலின் பகுதிகளில் அழுகையைவிட இளிவரலே மிகுதி. வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் தகரக் குவளையில் அடைத்த ஜின் பருகுகிறாள். இரவில் முன்னாள் கணவனைத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைக்கிறாள். மாடிப்படியில் தான் எடுத்த வாந்தியைத் துடைக்காமல் உறங்கிவிடுகிறாள். பழைய வீட்டிற்குள் நுழைந்து அன்னாவின் குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். இவற்றை வாசிக்கும்போது பெரும்பாலோர் முதலில் உணர்வது பரிவன்று. ‘இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்’ என்ற கூச்சமும் எரிச்சலும்தான். பிறன்கண் தோன்றும் இளிவரல் அது. ரேச்சலும் தன்னை இப்படித்தான் பார்க்கிறாள். அவளுக்கு அது தன்கண் தோன்றிய இளிவரல். வாசகர் அவளைவிட்டு விலகிநின்று இகழ்வதாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் உணர்வதையே உணர்ந்துகொண்டிருக்கிறார். புதினத்தின் மிகக் கூர்மையான உத்தி இதுவே எனலாம்.

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்ற மரபுத்தொடர் பிறர் நிலையில் நிற்பதற்கு நம்மிடையே வழங்குகிறது. இறந்த இடையன் மூலனின் உடலில் புகுந்த சிவயோகி, தம் உடலைத் திரும்ப அடைய இயலாமல் அவ்வுடலிலேயே தங்கித் திருமூலர் ஆனார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தாம் புகுகிறோம் என்பதை அறிந்தே அவர் புகுந்தார். ரேச்சலின் வாசகர் தாம் புகுந்ததை அறியாமலேயே புகுந்துவிட்டிருப்பார்.

கோல்ஃப் மட்டை: யாருடைய வாக்கியம்?

இந்த இகழ்ச்சிக்கு அடிப்படையாக உள்ள செய்திகளின் மூலத்தைத் தேடினால் வியப்பான ஒன்று புலப்படுகிறது. மணவாழ்வின் இறுதிக்காலத்தில் ஓர் இரவு ரேச்சல் கோல்ஃப் மட்டையால் டாமைத் தாக்க முயன்றாள். குறி தவறியதால் படுக்கையறைக்கு வெளியே சுவரின் பூச்சில் பள்ளம் விழுந்தது. இது புதினத்தின் பெரும்பகுதியில் ஐயமற்ற உண்மையாக நிற்கிறது. அவள் இதனைச் சொல்கிறாள். இதற்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். ஆனால் இதனை அவள் கண்டதில்லை. மறுநாள் காலையில் டாம் சொல்லிக் கேட்டாள், சுவரில் பள்ளம் இருந்தது, நம்பினாள்.

இவ்வகைச் செய்தியைச் சொல்லத் தமிழில் ஒரு தனி வடிவம் உண்டு. ‘நான் மட்டையால் அடித்தேன்’ என்பது வேறு. ‘நான் மட்டையால் அடித்தேனாம்’ என்பது வேறு. ‘ஆம்’ என்னும் ஈற்று ஒட்டு, செய்தி பிறர்வழிக் கேட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. படர்க்கையில் இது இயல்பாக வரும்: ‘அவர் நேற்றே வந்துவிட்டாராம்’. தன்மையில் இது அரிது. ஒருவர் தமக்கே சாட்சியாக இல்லாத நிலைகளில் மட்டுமே வரும். குழந்தைப் பருவம் (‘நான் ஓயாமல் அழுவேனாம்’), உறக்கம் (‘தூக்கத்தில் ஏதோ பேசினேனாம்’), காய்ச்சலின் பிதற்றல், மயக்கம், குடி ஆகியவை அத்தகைய நிலைகள். ரேச்சலின் மணவாழ்வு நினைவுகளில் கணிசமான பகுதி இந்த ‘ஆம்’ சேர்க்கப்பட வேண்டியது, சேர்க்கப்படாதது. ஆங்கிலத்தில் வினைமுற்றின் வடிவம் இந்த வேறுபாட்டைக் கட்டாயப்படுத்துவதில்லை. அவன் சொன்னான் என்று ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு, பின்னர் வரும் வாக்கியங்களைக் கண்டறிந்த உண்மைபோலவே சொல்லிச் செல்ல அம்மொழி இடந்தருகிறது. தமிழிலும் ‘ஆம்’ கட்டாயமில்லை. ஆனால் அது கைக்கெட்டும் தொலைவில் எப்போதும் இருக்கிறது. இப்புதினத்தைத் தமிழாக்க முனைபவர் ஒவ்வொரு பழைய நினைவிலும் தேர்ந்தாக வேண்டும். ‘அடித்தேனாம்’ என்றால் வாசகர் முதல் அத்தியாயத்திலேயே டாமை ஐயுறுவார். ‘அடித்தேன்’ என்றால் பொய்யை மொழிபெயர்ப்பாளரே உறுதிப்படுத்தியதாகும். இரண்டாவதே மூலத்திற்கு நேர்மையானது. காரணம், அந்த ‘ஆம்’ தொலைந்துபோனதே ரேச்சலுக்கு நேர்ந்த கொடுமை.

பொய்யைக் காட்டிக்கொடுப்பது புறத்தடயம் எதுவுமன்று, மெய்ப்பாடே. அவ்விரவைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்ட கதையில் அவளுக்குரிய உணர்வு வெகுளி. அவள் உடலில் எஞ்சியிருப்பதோ அச்சம். தாக்கியவளுக்கு ஏன் ஒடுங்கிப் பதுங்கிய நினைவு வருகிறது என்ற முரண் அவளை நெடுநாள் உறுத்துகிறது. முடிவில் மட்டையை வீசியவன் டாம் என்பது தெளிகிறது. மேகன் காணாமற்போன இரவின் புதிரும் இதைப்போன்றதொரு சிறு முரணிலேயே அவிழ்கிறது. டாமின் வண்டியில் ஏறிய பெண் அன்னா என்று ரேச்சல் நம்பியிருந்தாள். அன்னாவாயின் குழந்தை எங்கே என்ற கேள்வி எழுந்ததும், ஏறியவள் மேகன் என்பது புலனாகிறது.

வெயின் பூத் 1961இல் நம்பகமற்ற கதைசொல்லி என்ற கருத்தை முன்வைத்தபோது, நூலின் விழுமியங்களிலிருந்து விலகிநிற்கும் கதைசொல்லியையே கருதினார். பின்னர் கிரேட்டா ஓல்சன், தவறக்கூடிய கதைசொல்லி, நம்பத்தகாத கதைசொல்லி என இருவகையாகப் பிரித்தார். ரேச்சலை முதல்வகையில் சேர்த்து அமைதி காணலாம் எனத் தோன்றும். ஜெஸ், ஜேசன் கற்பனையைப் பொறுத்தவரை அது சரியே. அங்கு அவள் தானாகவே தவறாகப் படிக்கிறாள்; ஸ்காட்டின் அடக்குமுறையைக் காதல் என எண்ணுகிறாள். ஆனால் மட்டை நிகழ்ச்சியில் தவறு அவளுடைய அறிதிறனில் விளைந்ததன்று, அவளுக்குள் வைக்கப்பட்டது. கேத்தியிடமும் ஸ்காட்டிடமும் காவல்துறையினரிடமும் அவள் சொல்லும் பொய்களை வாசகரிடம் அவள் ஒருபோதும் மறைப்பதில்லை என்பதையும் இங்குச் சேர்த்துக் கருத வேண்டும். நம்பகமற்ற கதைசொல்லி என்ற தகுதிக்கு உரியவன் டாம். அவன் அவள் வாயால் கதை சொல்கிறான். அப்படியிருக்க, ரேச்சலுக்கு அப்பெயரைச் சூட்டும் திறனாய்வு, ‘அவள் சொல்வதை நம்பாதீர்கள், அவள் குடிகாரி’ என்ற டாமின் தீர்ப்பையே கலைச்சொல்லாக்கி மறுபடி வழங்குகிறது.

மங்கும் விளக்கும் மங்காத விளக்கும்

ஒருவரின் அறிவையே அவர் ஐயுறச் செய்யும் கொடுமைக்கு ‘கேஸ்லைட்டிங்’ என்ற பெயரைத் தந்தது பேட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகம். அதில் மாடியில் கணவன் இரகசியமாக விளக்கேற்றும்போது கீழே மனைவியின் அறையில் விளக்கு மங்குகிறது. அவள் பித்தேறி வருகிறதோ என அஞ்சுகிறாள். ஆனால் மேடையில் விளக்கு மங்குவதைப் பார்வையாளரும் காண்கின்றனர். ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர் வந்து அவள் சொல்வது மெய் என உறுதி கூறுகிறார். எனவே பார்வையாளர் அவளுக்காக அஞ்சலாம். அவளாகவே நின்று அஞ்ச வேண்டியதில்லை. ஹாக்கின்ஸின் வாசகருக்கு மங்கும் விளக்கு எதுவும் காட்டப்படவில்லை.

அதே 1938இல் வெளிவந்த டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’ வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் தலைவிக்குப் பெயரில்லை. இறந்துபோன முதல் மனைவியின் புகழ்முன் தன்னைச் சிறியவளாக எண்ணிக் குமைகிறாள். கணவன் மாக்சிம் முதல் மனைவியை ஒருபோதும் நேசித்ததில்லை என்று அறிந்ததும் அவளுக்கு ஏற்படும் நிம்மதியில் வாசகரும் பங்குகொள்கிறார். அதே வாக்குமூலத்தில் அவன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றதாகவும் சொல்கிறான். அச்செய்தி அந்த நிம்மதியில் கரைந்துவிடுகிறது. தலைவியின் நிலையில் நிற்பதற்கு வாசகர் கொடுக்கும் விலை அது. 1940இல் ஹிட்ச்காக் இதனைப் படமாக்கியபோது, அக்கால ஹாலிவுட் தணிக்கை விதி கொலை செய்த கணவனைத் தண்டனையின்றி விட இடந்தராததால், கொலை விபத்தாக மாற்றப்பட்டது. விலை நீங்கியது, அதனுடன் வாசகரின் உடந்தையும் நீங்கியது. ‘ரெபெக்கா’வில் வாசகர் தலைவியை நம்பிப் பிழைபுரிகிறார். ஹாக்கின்ஸிடம் தலைவியை நம்பாமல் பிழைபுரிகிறார்.

திரையில்

டேட் டெய்லர் இயக்கிய 2016ஆம் ஆண்டுத் திரைப்படம் கதையை நியூயார்க் பகுதிக்கு மாற்றியது. அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. ரேச்சலின் பொய்நினைவுகள் அங்குக் காட்சிகளாகின்றன. விருந்தில் அவள் செய்ததாகச் சொல்லப்படும் கலவரத்தைப் பார்வையாளர் கண்ணால் காண்கிறார். பின்னர் ஒரு பெண்மணி அப்படி எதுவும் நடக்கவில்லை எனச் சொல்ல, காட்சி திருத்தப்படுகிறது. பொய்யான பின்னோக்குக் காட்சிக்காக ஹிட்ச்காக்கின் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) முன்பே குறைகூறப்பட்டது நினைவிற்கு வரும். கேட்டதைக் கண்டதாக நம்பும் ரேச்சலின் நிலைக்கு இவ்வுத்தி ஓரளவு பொருந்தவே செய்கிறது. ஆனால் உண்மையை வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல நேர்வது பழைய துப்பறிவாளரை மீண்டும் அழைத்துவருவதாகும். உடலின் அச்சமே சாட்சியாகும் நுட்பம் பின்தள்ளப்படுகிறது. 2021ஆம் ஆண்டு இந்திப் படம் தலைவிக்கு விபத்தினால் நேர்ந்த மறதிநோயையும் சேர்த்துவிட்டது. நோய் என்றதும் இரக்கம் முந்திக்கொள்கிறது; இகழ வாய்ப்பில்லாத பார்வையாளர் அவளாக மாறவும் வாய்ப்பில்லை.

புதினத்தின் தளர்வும் இறுதி வாக்குமூலமும்

மூலப் புதினமும் தன் உத்தியில் இறுதிவரை உறுதியாக நிற்கவில்லை. ரேச்சலின் குறிப்புகளுக்கிடையே மேகன், அன்னா ஆகியோரின் குறிப்புகள் வருகின்றன. மேகன் பேசும் ஒவ்வொரு முறையும் ரேச்சல் அறியாத ஒன்றை வாசகர் அறிந்துகொள்கிறார். அவளது நிலையிலிருந்து வெளியேறி அவளைவிட ஓரடி முன்னே நிற்கிறார். விறுவிறுப்பு கூடுகிறது, ஒன்றுதல் குறைகிறது. இதைவிடக் கடுமையான குறை, இறுதிப் பகுதியில் டாம் தன் கடந்தகாலம் குறித்தும் பெற்றோர் குறித்தும் ஓயாது பொய் சொன்னவனாகக் காட்டப்படுவது. எல்லாரையும் ஏமாற்றிய ஒருவனிடம் தானும் ஏமாந்ததாக வாசகர் எளிதில் அமைதியடைந்துவிடலாம். ரேச்சலை இகழ்ந்ததில் தம் பங்கு என்ன என்ற கேள்வி அங்கு நழுவவிடப்படுகிறது. அன்னாவின் பகுதிகள் மட்டும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ரேச்சலைப் பித்துப்பிடித்தவள் என்று வெறுத்த அவள், கணவன் மறைத்துவைத்த தொலைபேசியைக் கண்டெடுத்தபின்னும் உண்மையை ஏற்கத் தயங்குகிறாள். வாசகரின் பழைய நிலை அவளிடம் முகம் பெறுகிறது.

தற்காத்துக்கொள்ள ரேச்சல், மதுப்புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியை டாமின் கழுத்தில் குத்துகிறாள். அன்னா அவனருகே சென்று அதனை மேலும் உள்ளே திருகுகிறாள். பின்னர் இருவரும் காவல்துறையிடம் ஒத்த வாக்குமூலம் தருகின்றனர். அன்னா திருகியது அதில் இடம்பெறுவதில்லை. புதினம் முழுவதும் கண்டதைச் சொல்லியும் நம்பப்படாத ரேச்சல், இந்த ஒருமுறை குடிக்காமல், நினைவு தெளிவாக இருக்கும்போதே, அறிந்து மறைக்கிறாள். வழக்கு அதோடு முடிகிறது.